நகையின் நிலைக்களன்களும் ரேலங்கியின் நடிப்பும்: ‘மாயாபஜார்’ படத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தென்னிந்தியத் திரைப்படங்கள் குறித்த ஒப்பாய்வுகள் பெரும்பாலும் கதைத்தலைவர்களையும் பாடல்களையும் இயக்குநர்களையும் மையமாகக் கொண்டே அமைகின்றன. நகைச்சுவை நடிகர் அவ்வாய்வுகளில் நடிகர் பட்டியலின் இறுதியில் வரும் ஒரு பெயராக நின்றுவிடுகிறார். இருமொழிப் படங்களின் ஆக்க வரலாற்றை நோக்கினால், ஒரு மொழியின் இயல்பை மிகுதியும் சார்ந்து நிற்பது நகைச்சுவையே என்பது புலனாகும். தெலுங்குத் திரையின் தலைசிறந்த நகைச்சுவை நடிகர்களுள் ஒருவரான ரேலங்கி வெங்கடராமையாவின் (1910–1975) நடிப்பைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்கள் வழி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைவாழ்வு

கோதாவரி மாவட்டத்தில் ராவுலபாடு என்னும் சிற்றூரில் பிறந்த ரேலங்கி காக்கிநாடாவில் வளர்ந்தவர். தந்தை இசையும் அரிகதையும் பயிற்றியவர். நாடக மேடையில் பயின்று, சி. புல்லையாவின் இயக்கத்தில் 1935இல் வெளிவந்த ‘ஸ்ரீகிருஷ்ண துலாபாரம்’ வழியே அவர் திரைக்கு வந்தார். ஆயினும் உடனடிப் புகழ் கிட்டவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சிறு வேடங்களிலேயே உழன்றபின், கே.வி. ரெட்டி இயக்கிய ‘குணசுந்தரி கதா’ (1949) போன்ற படங்கள் அவரை நிலைநிறுத்தின. ‘பாதாள பைரவி’ (1951), ‘மிஸ்ஸம்மா’ (1955), ‘மாயாபஜார்’ (1957), ‘ஜகதேகவீருனி கதா’ (1961), ‘நர்த்தனசாலா’ (1963) ஆகியன அவரது முதன்மையான படங்களுள் சிலவாகும். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மேடையிலும் அரிகதைச் சூழலிலும் கிட்டிய இப்பயிற்சியே அவரது நடிப்பிற்கு அடித்தளம் எனலாம். வடமொழிச் சொற்செறிவு மிக்க புராண உரையாடலைப் பிழையின்றிப் பேசவும், வேண்டுமிடத்து அதன் கம்பீரத்தைத் தளர்த்திக் காட்டவும் அவருக்கு இயன்றது இதனாலேயே.

நகையின் நான்கு களன்கள்

எள்ளல், பேதைமை, மடன், இளமை என்னும் நான்கினின்றும் நகை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. எள்ளலைப் பேராசிரியர் இருவகையாகப் பகுத்து, தான் பிறரை எள்ளுவதும் பிறரால் தான் எள்ளப்படுவதும் எனக் காட்டுவார். பேதைமைக்கும் மடனுக்கும் அவர் காணும் வேறுபாடு இங்கு இன்றியமையாதது. அறியாமை பேதைமை, பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமை மடன். இவ்வேறுபாடு ரேலங்கியின் நடிப்பை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைபுரிகின்றது.

‘மாயாபஜாரில்’ அவர் ஏற்றது துரியோதனன் மகன் இலக்கணகுமாரன் வேடம். சசிரேகையின் வடிவில் வந்திருப்பவன் கடோற்கசன் என்பதை இலக்கணகுமாரன் அறியான், அது பேதைமை. மணமேடையில் மாயசசிரேகை அவன் காலை மிதிக்கிறாள், அச்சுறுத்துகிறாள். அந்நிலையிலும் ‘நான் அரசகுமாரன், இவள் எனக்கு உரியவள்’ எனத் தனக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணத்தை அவன் விடுவதில்லை, அது மடன். வலியால் முகம் சுளிப்பதும், அவையோர் காணாதவாறு மறுகணமே மணமகனுக்குரிய பெருமிதத்தை மீட்டுக்கொள்ள முயல்வதுமாகிய இரண்டிற்கும் இடையிலேயே நகை பிறக்கின்றது. அரக்கனின் முரட்டுத்தனத்தைப் பெண்ணுடலில் காட்டிய சாவித்திரியின் நடிப்பு பெரிதும் போற்றப்படுகிறது. அம்முரட்டுத்தனத்தை ஏற்று எதிர்வினை காட்டும் ரேலங்கி இன்றேல் அந்நடிப்பு முழுமை பெறாது.

‘நர்த்தனசாலாவில்’ அவர் ஏற்ற உத்தரகுமாரன் வேறுவகையினன். மகளிர் முன்னிலையில் வீரம் பேசிப் புறப்பட்டுக் கௌரவர் சேனையைக் கண்டதும் தேரை விட்டு ஓட முற்படும் அவனிடம் இளமையே நகைக்குக் களனாகின்றது. இலக்கணகுமாரன் இறுதிவரை திருந்தாதவன். உத்தரகுமாரன் தன் அச்சத்தைத் தானே உணர்பவன். இருவரும் அரசகுமாரர்களே ஆயினும் ஒருவரது சாயல் மற்றவரிடம் படியாதவாறு ரேலங்கி நடித்திருப்பது கருதத்தக்கது.

மொழியும் நகையும்

‘மாயாபஜார்’ 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியே உருவாயிற்று. என்.டி. ராமாராவ், சாவித்திரி, எஸ்.வி. ரங்காராவ் ஆகியோர் இரு வடிவங்களிலும் நடித்தனர். இலக்கணகுமாரன் வேடத்திற்கு மட்டும் தமிழில் கே.ஏ. தங்கவேலு தேவைப்பட்டார். அபிமன்யு வேடமும் நாகேஸ்வரராவிடமிருந்து ஜெமினி கணேசனுக்கு மாறியது உண்மையே. ஆயின் அதனைச் சந்தை நோக்கில் விளக்கிவிடலாம். நகைச்சுவை நடிகரின் மாற்றத்தை அவ்வாறு மட்டும் விளக்க இயலாது. ரேலங்கியின் நகை உடலசைவிலும் முகபாவத்திலும் தொடங்கிச் சொல்லில் முடிகிறது. தங்கவேலுவின் நகையோ பேச்சின் இழைப்பிலும் இடைநிறுத்தத்திலும் தொடங்குகிறது.

தெலுங்கு உரையாடலை எழுதிய பிங்களி நாகேந்திரராவ் அம்மொழியின் எதிரொலிச் சொற்களையே பொருள்களாக்கினார். ‘தல்பம் கில்பம்’, ‘கம்பளி கிம்பளி’ என்னும் வழக்குகளிலிருந்து ‘கில்பம்’, ‘கிம்பளி’ எனும் மாயப்பொருள்கள் தோன்றிக் கௌரவர் தரப்பினரை அலைக்கழிக்கின்றன. அக்காட்சியில் ரேலங்கி இல்லை. எனினும் அவர் இயங்கிய மொழிச்சூழல் எத்தகையது என்பதை அது காட்டும். ‘புலி கிலி’ என்பது இரு மொழிக்கும் பொதுவாதலின் இந்நகை தமிழர்க்கும் எளிதில் விளங்கும். எனவே திராவிட மொழிகளுக்குள் நகை கடந்து செல்லும் இடமும் உண்டு, தடைபட்டு நிற்கும் இடமும் உண்டு. இலக்கண அமைப்பைச் சார்ந்த நகை கடக்கின்றது. குரலையும் வட்டார வழக்கையும் சார்ந்த நகை தடைபடுகின்றது.

இதற்கு மற்றொரு சான்று ‘மிஸ்ஸம்மா’. அதில் துப்பறிவாளராகத் தெலுங்கில் நடித்தவர் கதைத்தலைவர் நிலையிலிருந்த நாகேஸ்வரராவ். தமிழ் வடிவமான ‘மிஸ்ஸியம்மா’வில் அதே வேடத்தை ஏற்றவர் தங்கவேலு. ஒரே கதைமாந்தர் ஒரு மொழியில் கதைத்தலைவருக்கும் மற்றொரு மொழியில் நகைச்சுவை நடிகருக்கும் உரியவராதல், ‘நகைச்சுவைப் பாத்திரம்’ என்னும் வகைமை கதைக்குள்ளேயே உறைவதன்று என்பதை உணர்த்தும்.

யாரை நோக்கிய நகை

ரேலங்கியின் புராண வேடங்களில் எள்ளப்படுபவன் அதிகாரத்தில் இருப்பவன். பிறப்பால் மட்டுமே உயர்வு பெற்ற அரசகுமாரனை அவையறிய நகைப்பிற்கு உள்ளாக்குவது பார்வையாளருக்கு ஒருவகை விடுதலையைத் தருகின்றது. மேலும் இலக்கணகுமாரனை நீக்கினால் கதையே இல்லை. அந்நகை, பின்னாளில் பெருகிய தனித்த நகைச்சுவைப் பகுதிகளைப் போலக் கதையோடு ஒட்டாமல் நிற்பதன்று. ஆயின் அவர் நடித்த சமூகப் படங்கள் அனைத்திற்கும் இப்பெருமையைத் தர இயலாது. மனைவிக்கு அஞ்சும் கணவன் என்னும் வார்ப்பு மீண்டும் மீண்டும் வரும் இடங்களில் எள்ளலின் இலக்கு அதிகாரத்திலிருந்து பெண்ணின் குரலுக்கு மாறிவிடுகின்றது. நடிகரின் திறன் குறையாதபோதும் நகையின் தரம் அங்கே குறைந்துவிடுகிறது. இக்குறையைச் சுட்டாது புகழ்மொழியாக மட்டும் அமையும் வரலாறு அவருக்கும் நீதி செய்யாது.

முடிவுரை

ரேலங்கியின் நடிப்பில் நகையின் நான்கு களன்களும் தனித்தும் இணைந்தும் அமைகின்றன. அவற்றுள் மடனே அவரது தனிச்சிறப்பு. ஒரே வேடத்தை இருமொழிக் கலைஞர் இருவர் ஏற்ற நிகழ்வு, மொழிக்கும் நகைக்கும் உள்ள உறவை ஆராயச் சிறந்த களமாகின்றது. மெய்ப்பாட்டியல் சங்கப் பாடல்களை விளக்குவதற்கு மட்டும் உரியதன்று. அண்டை மொழியின் திரைக்கலையை மதிப்பிடவும் அது கருவியாகும். இத்திசையில் தங்கவேலுவின் நடிப்பையும் விரிவாக ஆராய்ந்தால், இரு மொழியினரும் எங்கு ஒன்றாகச் சிரித்தனர், எங்கு வேறாகச் சிரித்தனர் என்பது தெளிவுறும்.