மானிப்பாயும் வேலூரும்

"உங்க சிலோன்ல இந்த மாதிரி கர்த்தருக்குன்னு படிச்சு வர்ற டாக்டருங்க இல்லையே" என்று வேலூர் கிறிஸ்தவ வைத்தியசாலையில் ஒரு பெரியவர் அனுதாபப்பட்டார். மைத்துனரின் சத்திரசிகிச்சைக்குத் துணையாகப் போயிருந்த இடத்தில் வாதாட மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

வேலூரின் வேர் எங்கே இருக்கிறது? நியூயோர்க்கில் வைத்தியத் தொழிலை விட்டு 1819இல் கப்பலேறிய ஜோன் ஸ்கடர், ஊழியம் தொடங்கியது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். சென்னைக்குப் போனது 1836இல். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததும், ஆண் வைத்தியர் வேண்டாமென்று அவர்களின் வீட்டார் மறுத்ததும், அதனால் ஐடா ஸ்கடர் வைத்தியம் படிக்கத் தீர்மானித்ததும் பலரும் அறிந்த கதை. அவர்கள் வேண்டாமென்ற அந்த வைத்தியர் ஐடாவின் தகப்பன், பண்டத்தரிப்பு ஸ்கடரின் மகன். ஐடா வேலூரில் வேலை தொடங்கியது 1900இல். யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை 1898இலேயே திறந்தாயிற்று.

ஆனால் நான் முதலில் சொல்ல வேண்டியது யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் மானிப்பாயைப் பற்றி. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே அங்கே இருந்து வைத்தியம் பார்த்தார், மாணவர்களைப் பழக்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவார்கள், கிராமத்தில் இருக்க மாட்டார்கள் என்று கண்டதும் 1864இலிருந்து தமிழுக்கு மாறினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே. 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது, 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். கிறிஸ்தவனானவன் தன் உடையையும் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது என்பதும் அவருடைய எண்ணம். அழைப்பு என்பதை இதைவிட ஆழமாக யார் விளங்கிக்கொண்டார்கள்? அமெரிக்காவில் அவருடைய கல்லறைக் கல்லில் தமிழர்களுக்கான வைத்திய ஊழியர் என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறது. மானிப்பாயிலே பிறந்தவனுக்கு அது சொந்த வீட்டுச் செய்திபோல.

வேலூரின் ஏற்பாடு வேறு. 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகத் தொடங்கியது இன்று பெரிய கல்லூரி. திருச்சபையோ மிஷனோ ஒரு மாணவருக்கு ஸ்பான்சர் செய்யும். படிப்பு முடிந்ததும் அவர் 'பாண்ட்' என்று இரண்டு ஆண்டுகள் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும், வடநாட்டு மூலை ஊராக இருந்தாலும். அங்குள்ள டாக்டர்கள் தனியாகப் பிராக்டிஸ் செய்வதும் இல்லை. இந்த ஒழுங்கு நல்லது. அதை மறுக்க மாட்டேன்.

எங்களுக்கு அந்த வழி இல்லை. வைத்தியபீடத்துக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் திறப்பு. ஆயர் கடிதம் கொடுத்து உள்ளே போக முடியாது. படிப்பு இலவசம், பிறகு நியமனம், இடமாற்றம். எழுதிக் கையெழுத்திட்ட கடமையை நிறைவேற்றுவதும், யாரும் கேட்காமலே ஊரில் தங்கியிருப்பதும் ஒன்றல்ல. போரினால் 1990க்குப் பிறகு மின்சாரம் நின்று, மருந்துக்குத் தடை விழுந்து, வசதியுள்ளவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போன வருஷங்களில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு நோயாளரைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. சைவர்கள் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, எங்கள் சபையாரும் உண்டு. அவர்களுக்கு எந்தச் சபையும் ஸ்பான்சர் செய்யவில்லை. ஒரு தாதி ஞாயிறு ஆராதனைக்குக்கூட வர நேரமில்லாமல் வாட்டிலேயே கிடந்தார். அதையும் ஊழியம் என்றுதான் நாங்கள் சொன்னோம்.

ஒன்றுமட்டும் உறுத்துகிறது. பின்னேரமானால் எங்கள் டொக்டர் பிள்ளைகளும் 'சனல்' பண்ண, அதாவது தனியாகக் கட்டணத்துக்கு நோயாளர் பார்க்க, போகிறார்கள். அரசாங்க வைத்தியருக்கு அது அனுமதித்த காரியம், குற்றமில்லை. ஆனாலும் கிறீனின் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பெருமையாகக் காட்டும் எங்கள் டொக்டர் பிள்ளைகளிடம் கிழமையில் ஒரு பின்னேரத்தை அதற்குக் கேட்கலாம். கேட்க வேண்டியவர்கள் எங்கள் குருமாரும் பெற்றோரும்தான்.