மாதிரியில் இல்லாத ஓர் எண்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மாலை 4 மணி 18 நிமிடத்திற்குத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. சுமார் எட்டரை லட்சம் மின் இணைப்புகள் ஒரே சமயத்தில் செயலிழந்தன. ஒரு தெருவிலோ ஓர் ஊரிலோ விளக்கணைவது நாமெல்லாம் பழகிப்போன செய்தி. ஒரு மாநிலமே அணைந்துபோவது அபூர்வம்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி அந்நாட்டின் மின்சந்தை இயக்க நிறுவனம் 2017 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. எளிதில் படித்து முடிக்கக் கூடிய ஏடு அன்று அது. எனினும் அதைப் படித்து முடித்தபோது, ஆண்டுதோறும் வகுப்பில் நான் நடத்திவரும் ஒரு பாடத்தின் மீதே எனக்கு ஐயம் பிறந்தது. அந்த அறிக்கையின் நிறை குறைகளையும், நம் பாடத்தின் குறையையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு நிமிடங்களில் நடந்தது என்ன?

நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு அம்மாநிலத்தின் மின்தேவை 1,826 மெகாவாட். இதில் 883 மெகாவாட் காற்றாலைகளிலிருந்தும், 330 மெகாவாட் அனல் நிலையங்களிலிருந்தும், மீதி 613 மெகாவாட் அண்டை மாநிலமான விக்டோரியாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

அன்று கடும் புயல். ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு சூறாவளிச் சுழல்கள், ஒன்றுக்கொன்று 170 கிலோமீட்டர் தொலைவிலிருந்த 275 கிலோவோல்ட் மின்தடங்களைச் சாய்த்தன. கம்பிகள் ஒன்றோடொன்றும் தரையோடும் தொடர்பு கொள்ள, இரண்டு நிமிடங்களுக்குள் மின்னழுத்தம் ஆறு முறை திடீரெனச் சரிந்து மீண்டது. ஒவ்வொரு சரிவும் ஒரு விநாடியின் சிறு பகுதியே நீடித்தது.

ஒரு சரிவைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்து இயங்கக் காற்றாலைகளுக்குத் திறன் உண்டு. அவ்வாறே அவை முதலில் தாங்கின. ஆனால் பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் ஒரு வரம்பு எழுதி வைக்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட நேரத்திற்குள் இத்தனை முறைக்கு மேல் சரிவு வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்பது அக்கட்டளை. அந்த எண் எட்டப்பட்டதும் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள், ஏழு விநாடிக்கும் குறைந்த நேரத்தில், மொத்தம் 456 மெகாவாட்டைக் குறைத்துவிட்டன.

குறைந்த மின்சாரம் முழுவதையும் விக்டோரியா இணைப்பே ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. அதில் ஓடிய திறன் 850, 900 மெகாவாட் என்று ஏறியது. இரு மாநிலங்களின் ஜெனரேட்டர்களும் ஒத்தியங்க முடியாத நிலையை உணர்ந்த காப்புக் கருவி, இணைப்பைத் துண்டித்தது. தனித்து விடப்பட்ட மாநிலத்தில் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 6 ஹெர்ட்ஸ் வேகத்தில் வீழ்ந்தது. 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ஒன்று இந்த வேகத்தில் வீழ்ந்தால், சுமையைப் படிப்படியாகக் கழித்துக் காப்பாற்றுவதற்கு நேரம் ஏது?

பழி யார் மீது?

அடுத்த நாளே வாதம் தொடங்கிவிட்டது. காற்றாலைகளை நம்பியதால் வந்த வினை என்றனர் ஒரு சாரார். கோபுரங்களைச் சாய்த்தது புயல், காற்றாலை என்ன செய்யும் என்றனர் மறு சாரார். இரு கட்சியும் பாதி உண்மையையே பேசின. கோபுரங்கள் சாய்ந்த பின்னும் மின்தொகுப்பு நின்றுகொண்டுதான் இருந்தது. காற்றாலைகளோ காற்றுப் போதாமல் நின்றவை அல்ல. அவற்றுக்குள் இருந்த ஓர் எண், மின்தொகுப்பை இயக்குவோர் வைத்திருந்த கணித மாதிரியில் இல்லை. அறிக்கை இதைத் தெளிவாக ஒப்புக்கொள்கிறது. தங்கள் அறியாமையைத் தாங்களே எழுதி வைப்பது எளிதன்று. அறிக்கையின் முதல் சிறப்பு அதுவே.

மாதிரி என்றால் என்ன என்று சில வாசகர்கள் கேட்கலாம். ஒரு மாநிலத்தின் மின்தொகுப்பை வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்க்க எவராலும் இயலாது. எனவே அதன் ஒவ்வோர் உறுப்பையும் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஏற்றி, அங்கே பழுது உண்டாக்கிப் பார்க்கிறார்கள். எவ்வளவு திறனை எந்தத் தடத்தில் அனுப்பலாம் என்பதை அந்தக் கணக்கே முடிவு செய்கிறது. கணக்குப் பிழைத்தால் மருத்துவமனை முதல் குடிநீர்க் குழாய் வரை எல்லாம் பிழைத்துப்போகும்.

செம்பும் சிலிக்கனும்

இனி நம் பாடத்திற்கு வருவோம். மின்கலமாயினும் ஜெனரேட்டராயினும் அதற்கு ஒரு மின்னியக்கு விசையும் ஓர் உள்தடையும் உண்டு என்று எழுதுகிறோம். குறுக்குச் சுற்று நேர்ந்தால் முன்னதைப் பின்னதால் வகுத்துப் பழுதின் மின்னோட்டத்தைக் கண்டுவிடுகிறோம். இந்தப் பாடத்தில் தவறில்லை. ஆனால் அது செம்பாலும் இரும்பாலும் ஆன இயந்திரங்களைப் பற்றிய பாடம்.

பெரிய ஜெனரேட்டரின் சுருள்களில் பழுதின்போது இயல்பைப்போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். கனத்த செம்பு அவ்வெப்பத்தைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். சுழலும் இரும்பு உருளையின் நிலைமம், அதிர்வெண்ணைச் சட்டென்று வீழவிடாது. இவை எவரும் கட்டளையிட்டு வருவன அல்ல. பொருளின் இயல்பிலேயே உள்ளவை.

சூரிய மின்பலகையையும் இக்காலக் காற்றாலையையும் மின்தொகுப்போடு இணைப்பது திறன் மின்னணுவியல். அங்கே வேலை செய்பவை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சிலிக்கன் சாவிகள். நகத்தளவு சிலிக்கன் சில்லுக்கு வெப்பத்தைத் தேக்கி வைக்க இடமில்லை. மின்னோட்டம் மிகுந்தால் மில்லிவிநாடிகளில் கருகிவிடும். ஆகவே இன்வெர்ட்டர் பழுதின்போது இயல்பு மின்னோட்டத்தைவிடச் சற்றே அதிகமாக, மிஞ்சினால் ஒன்றரை மடங்கு மட்டுமே தரும்படி கட்டுப்படுத்தப்படுகிறது. அதை மின்னியக்கு விசை, உள்தடை என்று எழுதினால் விடை தவறாகவே வரும்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழுது வந்ததும் என்ன செய்வது என்பதை இன்வெர்ட்டரின் பொருளியல்பு முடிவு செய்வதில்லை. உள்ளே எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி முடிவு செய்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு இன்வெர்ட்டர்கள் ஒரே பழுதுக்கு இருவேறு விதமாக நடந்துகொள்ளலாம். கட்டளையை விட்டுவிட்டு எழுதிய மாதிரி, ஓட்டுநரை விட்டுவிட்டு எழுதிய பேருந்தின் சமன்பாடு போன்றது.

இல்லாத அதிர்வெண்

இதற்கு இன்னொரு சான்று கலிபோர்னியாவில் கிடைத்தது. ஆஸ்திரேலிய நிகழ்ச்சிக்கு ஆறு வாரங்களுக்கு முன், 2016 ஆகஸ்ட் 16 அன்று, அங்கு ஒரு காட்டுத்தீ. புகையும் வெப்பமும் 500 கிலோவோல்ட் தடங்களில் பழுதுகளை உண்டாக்கின. காப்புக் கருவிகள் அவற்றை மிக விரைவில் நீக்கிவிட்டன. ஆயினும் முற்பகல் 11.45 மணிக்கு நேர்ந்த ஒரு பழுதில் மட்டும் 1,178 மெகாவாட் சூரிய மின்சாரம் விலகிப்போயிற்று. தீயோ அந்தச் சூரியப் பண்ணைகளைத் தொடவே இல்லை.

பின்னர் ஆராய்ந்தபோது தெரியவந்த காரணம் வியப்பானது. அவற்றுள் சுமார் 700 மெகாவாட், அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டது என்று கருதித் தன்னைத் துண்டித்துக்கொண்டது. உண்மையில் அன்று 60 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பின் அதிர்வெண் 59.86 அளவிற்குக் கூட இறங்கவில்லை. எங்கிருந்து வந்தது அந்த 57?

நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 16.67 மில்லிவிநாடி. பழுது நேரும் கணத்தில் மின்னழுத்த அலை வடிவம் குலைவதோடு, அதன் கட்டமும் சட்டென்று நகர்கிறது. 20 பாகை பின்தள்ளிற்று என்று கொள்வோம். அந்த ஒரு சுற்று முடிய 16.67-ஓடு அதன் 360-இல் 20 பங்கும் சேர்ந்து 17.59 மில்லிவிநாடி ஆகும். அந்த ஒரு சுற்றை மட்டும் அளந்து தலைகீழாக்கினால் கிடைப்பது 56.8 ஹெர்ட்ஸ்! கணக்கு சரி, முடிவு தவறு. சரியாக ஓடும் கடிகாரத்தின் முள்ளை யாரோ ஐந்து நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டால், கடிகாரமே மெதுவாக ஓடுகிறது என்று சொல்லலாமா? அந்த இன்வெர்ட்டர்கள் அப்படித்தான் சொல்லின.

பெரிய மின்தொகுப்புகளை ஆராயப் பொதுவாகப் பயன்படும் மாதிரி, அலை எப்போதும் தூய சைன் அலையே என்று கொண்டு அதன் அளவையும் கட்டத்தையும் மட்டும் கணக்கிடுகிறது. குலைந்த அலை என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே இத்தகைய தவறான துண்டிப்பு அதில் எக்காலத்தும் தோன்றாது. அலையைக் கணத்துக்குக் கணம், மைக்ரோவிநாடிப் படிகளில் பின்தொடரும் மாதிரியும் உண்டு. ஆனால் ஒரு மாநிலம் முழுவதற்கும் அதை ஓட்டக் கணினி நேரம் மிகுதியாகச் செலவாகும். எனவே இன்வெர்ட்டர்கள் நெருங்கியுள்ள பகுதிக்கேனும் அதைக் கையாள வேண்டும். எது நுட்பமான மாதிரி என்பதை விட, கேட்கும் கேள்விக்கு எது பொருந்தும் மாதிரி என்பதே முக்கியம்.

அறிக்கையின் குறை

மீண்டும் ஆஸ்திரேலிய அறிக்கைக்கு வருவோம். காற்றாலைகளின் அந்த எண் மாற்றப்பட்டுவிட்டது, எனவே அந்த ஆபத்து நீங்கியது என்று அது கூறுகிறது. உண்மைதான். 2018-இல் வகுக்கப்பட்ட புதிய விதிகள், அடுத்தடுத்து வரும் பல பழுதுகளை மின்நிலையங்கள் தாங்க வேண்டும் என்றும் வலியுறுத்தின. ஆனால் நான் கேட்பது வேறு. ஓர் எண்ணைக் கண்டுபிடித்துத் திருத்தினோம். அடுத்த எண் எது?

ஒரு பழுது வந்தால் தாங்குமா என்று மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால், எத்தனையாவது பழுதில் விலகும் என்பது ஒருநாளும் வெளிப்படாது. தவறிவிட்ட ஒரு தகவல் என்று அறிக்கை இதைச் சொல்கிறது. தவறிவிட்ட ஒரு வகைக் கேள்வி என்று சொல்லியிருந்தால் அதன் பாடம் உலகுக்கு இன்னும் தெளிவாகியிருக்கும்.

பின்னர் நடந்தவை இதற்குச் சாட்சி. கலிபோர்னியாவில், அதிர்வெண்ணை அளந்த உடனே துண்டிக்காமல் சற்றுப் பொறுக்கும்படி இன்வெர்ட்டர்கள் திருத்தப்பட்டன. 2017 அக்டோபரில் மற்றொரு காட்டுத்தீ வந்தபோது அந்தப் பிழை திரும்பவில்லை. ஆனால் மின்னழுத்தம் தொடர்பான வேறு கட்டளைகளால் சுமார் 900 மெகாவாட் விலகிற்று. டெக்சஸ் மாநிலத்தின் ஒடெசா பகுதியில் 2021 மே மாதத்தில் ஒரு பழுது 1,100 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரத்தை இழக்கச் செய்தது. 2022 ஜூனில் அதே பகுதியில் சுமார் 1,700 மெகாவாட். ஒரு வாசலை அடைத்தால் திருடன் மறு வாசலால் வருகிறான். வீட்டுக்கு எத்தனை வாசல் என்று எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை.

எண்ணிப் பார்க்க ஒரு தடையும் உள்ளது. இன்வெர்ட்டர் செய்யும் நிறுவனங்கள் தம் கட்டளைத் தொகுதியைத் தொழில் இரகசியம் எனக் கருதுகின்றன. மாதிரியை மூடிய பெட்டியாகவே தருகின்றன. அவர்கள் அச்சம் நியாயமற்றது அன்று. எனினும் பெட்டியைத் திறக்காமலே செய்யத்தக்கது ஒன்று உண்டு. உண்மைப் பழுதின்போது பதிவான அலைகளை அந்தப் பெட்டிக்குக் கொடுத்து, களத்தில் இயந்திரம் நடந்துகொண்டபடி அதுவும் நடந்துகொள்கிறதா என்று ஒப்பிடலாம். ஒன்று, இரண்டு, ஆறு, பத்து என்று பழுதுகளை அடுக்கிப் பார்க்கலாம். இச்சோதனையில் தேறாத மாதிரியைக் கொண்டு மின்நிலையத்தை இணைக்க இசைவு தரலாகாது.

நமக்கு என்ன?

ஆஸ்திரேலியாவும் டெக்சஸும் தொலைவில் உள்ளவை என்று இருந்துவிட முடியாது. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டப் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டத் தடம் 2021-இல் முழுமை பெற்றது. அங்கிருந்து கேரளத்தின் திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் தடமும் அதே ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முன்னதில் தைரிஸ்டர்களும் பின்னதில் டிரான்சிஸ்டர் வகைச் சாவிகளும் வேலை செய்கின்றன. இரண்டுமே கட்டளைப்படி நடப்பவை.

இவற்றையெல்லாம் நாளை இயக்கப்போகும் மாணவர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கலாம். அவருக்கு நாம் செம்பின் பாடத்தை மட்டும் சொல்லித் தந்து அனுப்புகிறோம். முழுப் பாடத்தையும் மாற்ற வேண்டுமென்று நான் கூறவில்லை. உள்தடைக் கணக்கைப் போட்டு முடித்த பின், இந்தச் சூத்திரம் எந்த இயந்திரத்திற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஒரு கேள்வியை மட்டும் சேர்க்கலாம். இவ்வாண்டு என் வகுப்பில் அதைச் சேர்த்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பொருந்தாது என்பது பழுது வருவதற்கு முன்பே எப்படித் தெரியும், ஐயா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் 2016 செப்டம்பருக்கு முன்பு யாராவது கேட்டிருக்க வேண்டும்.