பாதம் தொடாத இருக்கை

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள ஜாப் டைப்பிங் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் மூன்று தலைமுறை நாற்காலிகளைப் பார்த்துவிட்டோம். பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி போய் ரெக்சின் போர்த்திய ‘பாஸ் சேர்’ வந்தது. இப்போது மெஷ் சேர். எட்டு மணி நேர மேசை வேலைக்கு இவற்றில் எது தேறும்?

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் முதுகிலிருந்து தொடங்குவார்: லம்பார் சப்போர்ட், ஹெட் ரெஸ்ட், எவ்வளவு சாயும் என்று. நான் பாதத்திலிருந்து தொடங்குகிறேன். பாதம் ஊன்றாவிட்டால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும். அழுத்தம் பொறுக்காமல் உடம்பு முன்னே நகரும். நகர்ந்துவிட்டால், எவ்வளவு நேர்த்தியான சாய்மானமும் வீண்.

அந்தக் கடைகளில் ஒன்றில் டைப் அடிக்கும் பெண்மணியை ஒரு மதியம் முழுக்கக் கவனித்தேன். ஐந்தடி உயரம், செருப்பு வாசலில். புது மெஷ் சேரின் நுனியில் உட்கார்ந்து, சேருக்கு அடியில் நட்சத்திரமாக விரியும் கால்களின் மேல் இரு பாதங்களையும் வைத்திருந்தார். முதுகு ஒருமுறைகூட வலையைத் தொடவில்லை. சேரைத் தாழ்த்தினால் மேசை உயர்ந்துபோய்த் தோள் தூக்கிக்கொள்கிறது; உயர்த்தினால் கால் தொங்குகிறது.

கணக்கு எளிது. முழங்கால் மடிப்பு வரையிலான உயரம் ஆள் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. ஐந்தடிக்காரருக்கு 38 செ.மீ. கடையில் கிடைக்கும் பல சேர்கள் 42 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. மேலைநாட்டு அளவுகள் ஷூ போட்ட காலுக்கானவை. நம்மில் பலர் அலுவலகத்தில் வெறுங்காலோடு இருப்பவர்கள். நம் உடல் அளவுகள் தெரியாத குறை இல்லை: அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இலேயே தேப்குமார் சக்கரவர்த்தியின் இந்திய உடல் அளவுத் தொகுப்பை வெளியிட்டுவிட்டது. அது கடைத் தளத்துக்கு வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

இனி மூன்றையும் எடுப்போம். பிரம்பு நாற்காலி காற்றோட்டத்தில் இன்றும் முதலிடம். சேலத்துச் சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும். ஆனால் உயரம் ஒன்றே, மரவிளிம்பு கூர்மை, நாள் செல்லச் செல்லப் பின்னல் தொய்ந்து குழி விழும். பாஸ் சேரிடம் நிறை தேடிப் பார்த்தேன். தோற்றம் மட்டுமே மிஞ்சுகிறது. இருக்கை ஆழம் அதிகம், குள்ளமானவரின் முதுகு சாய்மானத்தை எட்டுமுன் முழங்கால் மடிப்பு விளிம்பில் இடிக்கும். அசையாத கைப்பிடி மேசையில் முட்டும். முதுகில் போர்த்தும் துண்டு ரெக்சினின் வியர்வைக்குச் சாட்சி.

மெஷ் சேரின் மூலவடிவங்களில் முதன்மையானது பில் ஸ்டம்பும் டான் சாட்விக்கும் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைக்க, 1994-இல் வெளிவந்த ஏரான். அதன் சாதனை வலை மட்டும் அன்று. ஏ, பி, சி என மூன்று அளவுகளில் வந்தது, உடம்புகள் வேறுபடும் என்பதை ஒப்புக்கொண்டது. பின்வந்த போலிகள் வலையை எடுத்துக்கொண்டு அளவுகளை விட்டுவிட்டன. ஏரானிடமும் குறை உண்டு: விளிம்புச் சட்டம் கெட்டி, ஒரு காலை மடித்து உட்காரும் நம் வழக்கத்துக்கு அது இடம் தராது, விலையோ லட்சத்தைத் தாண்டும்.

முதுகைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. சாய்மானமின்றி உட்கார்ந்தால் முதுகெலும்பு வட்டின் அழுத்தம் நிற்பதைவிடக் கூடும் என்று சுவீடனின் நாக்கெம்சன் குழு அளந்து சொன்னது. 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழு ஒரே ஒருவரின் முதுகில் அளந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. இரு ஆய்வுகளும் ஒத்துப்போகும் இடம் ஒன்று: சாய்ந்தால் அழுத்தம் குறைகிறது. ஆகவே சாயவிடும் இருக்கையே வேண்டும். சாய்வதற்குப் பாதம் ஊன்றியாக வேண்டும்.

என் தீர்ப்பு: வலைமுதுகு, அழுத்தமான ஃபோம் இருக்கை, முன்பின் நகர்ந்து ஆழம் குறையும் அமைப்பு, ஏறி இறங்கும் கைப்பிடி உள்ள நடுத்தர விலைச் சேர் முதலிடம். ஹெட் ரெஸ்டுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். பிரம்பு நாற்காலி, மெத்தையும் கால்பலகையும் சேர்ந்தால், இரண்டாமிடம். பாஸ் சேருக்கு இடமில்லை. கடைக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பு சாய்மானத்தைத் தொடும்வரை பின்னே தள்ளி உட்காருங்கள். முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும். கால் தொங்கினால் சேரை உயரமாகவே வைத்துக் கீழே பலகை போடலாம். அந்தப் பெண்மணிக்கு அரையடி உயரத்தில் ஒரு மரப்பெட்டி போட்டோம். அன்று மாலைதான் அவர் முதுகு முதன்முறையாக வலையில் சாய்ந்தது.