மேடையும் தெய்வமும்: சில ஆங்கிலச் சொற்கள்

'தியேட்டர்', 'தியாலஜி', 'தியாக்ரஸி' மூன்றும் ஒரேமாதிரி தொடங்குகின்றன; ஆகவே வேர் ஒன்று, ஆகவே நாடகம் பிறப்பிலேயே தெய்வ காரியம் என்று நண்பர்கள் வாதிடக் கேட்டிருக்கிறேன். கிரேக்க நாடகம் டயோனிஸஸ் விழாவில் நடந்தது சரித்திரம். ஆனால் இந்தச் சொல் அதற்குச் சாட்சி சொல்லாது. 'தியேட்டர்', பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பார்க்கும் இடம் என்பதே பொருள். 'தியரி'யும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 'தியாக்ரஸி'யில் இருக்கும் தெய்வம் வேறு குடும்பம்.

வேர் வேறு என்றபின் உறவு இன்னும் சுவாரஸ்யமாகிறது. 'தியாக்ரஸி'யை முதல் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கியவர் ஜோஸஃபஸ். மோசே வகுத்த ஆட்சிமுறை முடியாட்சி, சிலராட்சி, குடியாட்சி என்ற பெயர்களில் அடங்கவில்லை. சொல்லைச் சற்று வலிந்தே செய்வதாக அவரே ஒப்புக்கொள்கிறார். மற்ற ஆட்சிகளில் ஆள்பவரைக் கண்ணால் காணலாம். இதில் மட்டும் ஆள்பவர் காட்சிக்கு வருவதில்லை. ஆணையைச் சொல்ல ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில், மேலாளருக்காகக் கையெழுத்திடுபவர் 'ஃபார்' என்று எழுதிவிட்டுத்தான் இட வேண்டும். ஜோஸஃபஸின் சொல்லில் அந்த 'ஃபார்' இல்லை.

நாடகத்தில் அது உண்டு. தெய்வ வேஷத்தில் பேசுபவன் நடிகன் என்பது அவனுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். கிரேக்கத்தில் நடிகனுக்கு இருந்த சொல்தான் ஆங்கிலத்தில் 'ஹிப்போக்ரிட்' ஆகியிருக்கிறது. மேடையைவிட்டு இறங்கியும் முகமூடியைக் கழற்றாதவனுக்கு அது வசை.

இந்த இரு குடும்பங்களும் நேருக்கு நேர் மோதியது இங்கிலாந்தில். 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் ஷோர்டிச்சில் கட்டிய அரங்குக்குப் பெயரே 'தி தியேட்டர்'. அக்கால மேடையின் மேற்கூரைக்கு 'ஹெவன்ஸ்' என்றும் அடியிலிருந்த அறைக்கு 'ஹெல்' என்றும் பெயர். மரத்தாலான ஒரு பிரபஞ்சம். முதலாம் ஜேம்ஸ், 1599இல் மூத்த மகனுக்கு எழுதிய அறிவுரை நூலில், அரசன் மேடைமேல் நிற்பவன் என்கிறான். அதே ஜேம்ஸ் 1610இல் பார்லிமெண்டில், அரசர்களைத் தெய்வங்கள் என்றே அழைப்பது தகும் என்றான். இவ்விரண்டுக்கும் இடையே, 1606இல், ஒரு சட்டம்: கடவுளின், கிறிஸ்துவின் பெயரை நாடகத்தில் விளையாட்டாக உச்சரித்தால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். அரசனின் பேச்சில் செல்லுபடியாகும் தெய்வம் நடிகனின் வாயில் குற்றமாகிறது. இதற்குப் பக்தி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேஷம் என்று தெரிந்தே ஒருவன் தெய்வத்தின் பெயரைச் சொன்னால், வேஷம் என்று சொல்லாமல் சொல்பவன்மீதும் பார்வை திரும்பிவிடும்.

1642இல் பார்லிமெண்ட் அரங்குகளை மூடியது. 1649 ஜனவரி 30 அன்று, ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ், வைட்ஹால் பாங்க்வெட்டிங் ஹவுஸுக்கு வெளியே போட்ட மேடையில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனே வேஷம் கட்டி ஆடிய மண்டபம் அது. உள்ளே கூரையில், ரூபன்ஸின் ஓவியத்தில், தகப்பன் ஜேம்ஸ் சொர்க்கம் ஏறிக்கொண்டிருக்கிறான். அந்த 'ஹெவன்'ஸின் கீழே நடந்துதான் மகன் வெளியே வந்தான். ஏறி நின்றது 'ஸ்காஃபோல்ட்'. நாடகமேடைக்கும் அந்நாளில் அச்சொல் வழங்கிற்று. அரங்குகளை மூடியவர்களுக்கும் கடைசியில் ஒரு மேடையும் பார்வையாளர்களும் தேவைப்பட்டார்கள். மறு வருஷம் ஆண்ட்ரூ மார்வெல் கவிதை எழுதியபோது சார்லஸை நடிகனாகவே பார்த்ததில் ஆச்சரியமில்லை.

'ஸ்காஃபோல்'டைத் தமிழில் கொண்டுவருவதில் சிரமமில்லை. நாடகமேடை, தூக்குமேடை, பிரசங்க மேடை எல்லாம் நமக்கு மேடைதான். 'தியாக்ரஸி'தான் சங்கடம். இறை என்றால் தெய்வம், அரசன், அரசனுக்குக் கட்டும் வரியும்கூட. கோயில், கோவின் இல். எனவே 'இறையாட்சி' என்று எழுதியதும், ஜோஸஃபஸ் வலிந்து செய்த சொல் நம்மிடம் வலியே இல்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தெய்வத்துக்கும் அதன் பெயரைச் சொல்பவனுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தூர்ந்துபோகிறது. நாடகமும் விமர்சனமும் நிற்பதற்கு இருக்கிற இடமே அந்த இடைவெளிதான்.

'தெய்வத்தின் பெயரால் ஆட்சி' என்று எழுதலாம் என்பது என் யோசனை. நீளம்தான், அழகும் இல்லை. ஆனால் 'பெயரால்' என்பதில் அந்த 'ஃபார்' இருக்கிறது. கையெழுத்திட்டவர் யார் என்று கேட்க முடிகிறது.