ஒரு படத்து முகங்கள்

தமிழ்ப் படங்களைப் பற்றி இந்நாளில் எழுதுவோரிடையே ஒரு பாராட்டு வழக்கம் வேரூன்றிவிட்டது. கதை நிகழும் ஊரிலேயே கூலியாளையும் கிழவியையும் தேடிப் பிடித்து வேடம் கொடுத்துவிட்டால், அந்த ஒரு காரியத்தாலேயே படம் உண்மையின் சந்நிதிக்கு வந்து சேர்ந்துவிட்டதாகவும், அரிதாரம் பூசிப் பழகிய நடிகன் எவனும் எட்ட முடியாத சிகரத்தை எட்டிவிட்டதாகவும் அவர்கள் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். மணிகண்டன் இயக்கி 2022 பிப்ரவரியில் வெளிவந்த ‘கடைசி விவசாயி’யின் பாரம் முழுவதையும் தாங்கி நின்ற நல்லாண்டி என்ற முதிய விவசாயிக்கு, அவர் மறைந்த பின்னர், 69ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டபோது, இத்தீர்ப்புக்கு அரசாங்கத்தின் முத்திரையும் விழுந்தது. அந்த மரியாதைக்கு அவர் முற்றிலும் பாத்திரமானவர். அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த விருதைச் சாட்சியாக நிறுத்தி எழுப்பப்படும் கொள்கையைத்தான் நான் நெடுநாளாக ஆட்சேபித்து வருகிறேன்.

ஊர்மக்களையே நடிக்க வைக்கும் இம்முறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. போடியிலிருந்து முந்தல் வழியாக வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போய் அந்தியில் திரும்பும் ஜனங்களின் வாழ்வு, 2018 ஆகஸ்டில் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு முன் தமிழ்த் திரையில் இவ்வளவு நேர்மையாகப் பதிவானதில்லை. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கி, என்றேனும் ஒரு துண்டு நிலம் வாங்கிவிடலாம் என்று காத்திருக்கும் ரங்கசாமியின் கதையை இயக்குநர் லெனின் பாரதி சொன்னபோது, பாதையோரத்திலும் டீக்கடையிலும் தோன்றிய ஊர்மக்களின் நடையும் பேச்சும் அப்படத்துக்குக் கொடுத்த பலத்தை, சென்னையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த துணைநடிகர் கூட்டம் ஒருநாளும் கொடுத்திருக்க முடியாது. சுமைக்குக் கழுத்து கொடுக்கும் விதத்தைச் சுமந்தவரே அறிவார். இதை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

என் ஆட்சேபம் படப்பிடிப்பு முடிந்த மறுநாளைப் பற்றியது. முகத்தைக் கொடுத்தவர் மறுபடியும் ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போகிறார். முகத்தை எடுத்தவர் அடுத்த ஊரில் அடுத்த முகத்தைத் தேடுகிறார். இயக்குநருக்கு அந்தப் படம் ஒரு படி. ஒளிப்பதிவாளருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு படி. அந்தப் படியில் ஏறி மேலே செல்ல இயலாமல், அதன் கல்லாகவே கிடந்துவிடுகிறவர், எவருடைய சாயலைக் காட்டி அப்படம் திரைவிழாக்களில் கைதட்டல் பெற்றதோ அவர் ஒருவர்தான். விதிவிலக்காக ஒருவர் இருவர் தப்பி மேலேறியிருக்கலாம். ஆனால் மதுரையிலும் தேனியிலும் கடந்த இருபது ஆண்டுகளில் இப்படி எடுக்கப்பட்ட படங்களில் நம் மனத்தில் தைத்த முகங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, அவற்றுள் எத்தனை முகங்களை இரண்டாவது படத்தில் கண்டோம் என்று வாசகர் தம்மையே கேட்டுப் பார்க்கட்டும்.

இதற்கு வேர் எங்கே இருக்கிறது? “அவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்” என்று நாம் மனமுருகிச் சொல்லும் அந்தப் புகழுரையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. கேமராவின் முன் குறித்த இடத்தில் நின்று, சொன்ன வேளையில் திரும்பி, ஒரே துயரத்தை ஐந்தாம் முறையாகவும் முதல் முறை போலவே காட்டுவது வாழ்வாகாது, உழைப்பாகும். கண்ணுக்குத் தெரியாமல் நடந்தேறிய கலையாகும். அந்த உழைப்பை இல்லையென்று சொல்லிவிட்டால், அதற்கு நடிகனுக்குரிய ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை, நாட்கூலி போதும். கலை இல்லை என்றால் அதைக் கற்பித்து வளர்க்க வேண்டிய கடமையும் இல்லை. வாழ்ந்து காட்டியது ஒரே வாழ்வென்றால், அதே மனிதரை வேறொரு பாத்திரத்துக்கு எவரும் அழைக்கப் போவதுமில்லை. புகழ்ச்சி என்று நாம் நீட்டும் வாக்கியம், அந்த மனிதர் மேற்கொண்டு செல்லக்கூடிய எல்லா வாயில்களையும் ஒரே அடியில் சாத்திவிடுகிறது.

உலகம் இதை முன்பே கண்டிருக்கிறது. 1948இல் டி சிகா எடுத்த ‘சைக்கிள் திருடர்க’ளில் தந்தையாக வந்து உலகத்தையே கலங்க வைத்த லம்பேர்த்தோ மஜ்ஜொரானி, ரோமாபுரியில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. படம் முடிந்து ஆலைக்குத் திரும்பியவர் ஆட்குறைப்பில் வேலையை இழந்தார். பிறகு சில்லறை வேடங்கள் சில கிடைத்தனவே அன்றி, நிலையான ஜீவனம் அமையவில்லை. வேலையற்றவனாக நடித்துப் பெயர் பெற்றவர் வேலையற்றவராகவே நின்ற கொடுமையைத் திரைப்பட சரித்திரக்காரர்கள் ஒரு சுவாரசியமான செய்தியாக எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். நம் நாட்டிலேயே, 1988இல் வந்த மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’யில் தெருச்சிறுவனாக நடித்துத் தேசிய விருது பெற்ற ஷஃபீக் சையத், மேற்கொண்டு வழி திறவாமல் பெங்களூருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். அந்த இயக்குநர் தெருக்குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளையே நிறுவினார். அவருடைய சிரத்தையைச் சந்தேகிக்க எவருக்கும் உரிமையில்லை. அத்தனை நல்லெண்ணத்துக்குப் பிறகும் விருது பெற்ற பையனுக்கு நடிப்பு ஒரு தொழிலாக அமையவில்லை என்றால், குற்றம் தனி மனிதருடையது அன்று, முறையினுடையது.

இந்த மண் இதைவிட நல்லதொரு சம்பிரதாயத்தை நாடக மேடையில் அறிந்திருந்தது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதே நகரத்தின் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொண்டன. அங்கே அடி உதை உண்டு, சம்பளம் பெயரளவுக்குத்தான், மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பையனின் கதி நிச்சயமில்லை. இக்கொடுமைகளை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் காளி என். ரத்தினம் போன்ற வாத்தியார்கள் அங்கே பாட்டையும் வசனத்தையும் அடவையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பையன் இன்று சேடியாகவும் நாளை ஸ்திரீபார்ட்டாகவும் மறுநாள் ராஜபார்ட்டாகவும் மேலேறும் மார்க்கம் ஒன்று இருந்தது. பசிக்குச் சோறு கிடைக்கும் என்று ஏழு வயதில் போய்ச் சேர்ந்த எம்.ஜி.ஆர். அந்த மார்க்கத்தில் வந்தவர். டி.கே.எஸ். சகோதரர்களின் சபை வளர்த்த எஸ்.எஸ். ராஜேந்திரன் சேடப்பட்டியில் பிறந்து, திரையில் லட்சிய நடிகர் என்று பிரசித்தி பெற்று, 1962இல் இதே தேனித் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய் கொடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு நிழலும் நீரும் கொடுத்துக் காத்திருக்கும் தோட்டக்காரனின் பொறுமை அந்தக் கம்பெனிகளுக்கு இருந்தது. இன்றைய முறையோ காட்டில் தானாக விளைந்ததைப் பறித்துக்கொண்டு போகிறது. செடி என்னவாயிற்று என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

பயிற்சி வந்தால் உண்மை போய்விடும் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். இந்திய சினிமாவிலேயே முதுமையின் முகம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1955இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’யின் இந்திர் தாக்ருண். தொழில்முறை அல்லாதவர்களையே பெரிதும் நம்பி அப்படத்தை எடுத்த சத்யஜித் ராய், அந்தக் கிழவியின் பாத்திரத்துக்கு எந்தக் கிராமத்துக் கிழவியையும் கொண்டுவரவில்லை. மேடையை விட்டு விலகி நெடுநாளாக மறக்கப்பட்டுக் கிடந்த சுனிபாலா தேவி என்ற நாடக நடிகையைத் தேடிக் கண்டுபிடித்தார். குழிந்த கன்னமும் கூனிய முதுகும் முதுமை கொடுத்தவை. ஆனால் எந்தக் கணத்தில் சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டும் என்பது மேடை கொடுத்த சிட்சை. பயிற்சி உண்மையைக் கொல்லும் என்பவர்கள் அந்தப் படத்தை மறுபடியும் ஒருமுறை பார்ப்பது நலம்.

இங்கே, மதுரைச் சீமையில், ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேடையேறி, ஒத்திகை என்பதே இல்லாமல், அன்று மாலைதான் சந்தித்த எதிர்நடிகருடன் வள்ளி திருமணத்தை விடியும்வரை பாடியும் வாதாடியும் நடத்திக் கொடுக்கும் வல்லமை அவர்களுக்கு உண்டு. ஏலத்தோட்டத்துக் கூலி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ரசித்த கலைஞர்கள் இவர்கள்தாம். இந்த மலையடிவாரத்தில் முகம் தேடி வரும் இயக்குநர்கள் இவர்களைத் தாண்டிச் செல்கிறார்கள். இவர்களிடம் ‘நாடகத்தனம்’ இருக்கிறதாம். அழைக்கப்பட்டாலும் ஒரே வார்ப்பில் பலமுறை ஊற்றப்படுவதே கதி. கிராமத்து மேடைகளில் ஆயுள் முழுவதும் பாடிய பரவை முனியம்மா, 2003இல் ‘தூள்’ படத்தில் பாட்டியாக வந்து தமிழகம் முழுவதும் அறிமுகமானார். அதன் பின் கிடைத்தவை பெரும்பாலும் அதே பாட்டியின் நிழல்கள். நோயும் வறுமையும் வந்தபோது, 2015இல் அரசு 6 லட்சம் ரூபாயை அவர் பெயரில் வைப்பாக வைத்து அதன் வட்டியால் அவரைத் தாங்க வேண்டியிருந்தது. அந்த அம்மையாரின் குரலால் லாபம் கண்ட தொழிலுக்கு அந்தக் கடமை தோன்றவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

இயக்குநர் என்ன, வேலைவாய்ப்பு அலுவலகமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகவேண்டாம். ஆனால் ஒரு மனிதரின் வறுமையையும் தழும்பையும் தன் படத்தின் மூலதனமாகக் கொண்டவர், அந்த மூலதனத்துக்கு உரிய பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்; கூலிக்காரனின் நிலமற்ற துயரத்தைக் காட்டிக் கண்ணீர் பெற்றுவிட்டு, அவனையே நிலமற்ற நடிகனாக விட்டுப்போவது, அப்படம் கண்டிக்கும் அநீதியையே அதன் பின்புறத்தில் செய்வதாகும். எத்தனை உயர்ந்த படமானாலும் இந்தக் கணக்கைத் தீர்க்காதவரை அதைப் பூரணமான கலை என்று என்னால் ஒப்ப முடியாது.

ஆகவே அடுத்த படத்துக்காக முந்தலிலும் குரங்கணியிலும் முகம் தேடி வரப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சென்ற படத்தில் நடித்தவரை முதலில் கூப்பிடுங்கள். அவருக்கு அவர் வாழாத ஒரு பாத்திரத்தைக் கொடுங்கள். கணக்கப்பிள்ளையாகவோ, வக்கீலாகவோ, அவர் கண்ணால் கண்டிராத ஊர்க்காரராகவோ நடிக்கச் சொல்லிக் கற்றுக்கொடுங்கள். கற்கும் நாட்களுக்கும் நடிகனுக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். விமர்சகர்களும் அந்தப் பழைய புகழுரையைக் கைவிட்டு, அவர் நன்றாக நடித்தார் என்று எழுதட்டும்.