அவசரப்படாத ஆட்டக்காரர்

மேடையில் கிராண்ட் பியானோ கிடையாது. வீடுகளில் சுவரோரம் நிற்குமே, அந்தச் சாதாரண அப்ரைட் பியானோதான். அதன் முன்னால் கணவனும் மனைவியும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பாஹ் வாசிக்கிறார்கள். ஒருவர் கை மற்றவர் கையைத் தாண்டிப் போய்வருகிறது. ஒலியடக்கும் பெடல் அழுத்தியபடியே இருப்பதால், கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மெத்தென்று வருகிறது நாதம். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜ் குர்டாகும் மனைவி மார்த்தாவும் பல ஆண்டுகள் இப்படித்தான் கச்சேரி செய்தார்கள். சத்தத்தால் அரங்கை நிரப்ப அவர்கள் முயன்றதே இல்லை. ரசிகர்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

1926-இல் ருமேனியாவின் லுகோஜில் பிறந்து புடாபெஸ்டில் படித்தவர் குர்டாக். 1957-இல் பாரிஸ் போனார். மெஸ்ஸியான், மியோ என இரண்டு பெரிய ஆசான்களின் வகுப்புகளுக்குப் போயும் எழுத வரவில்லை. மனம் முடங்கிக் கிடந்தது. மீட்டவர் மரியான் ஸ்டைன் என்ற உளவியலாளர். இரண்டே ஸ்வரங்களை இணைத்துப் பாருங்கள், போதும் என்றார். ஊர் திரும்பி எழுதிய நால்வர் தந்தி இசையை 1959-இல் தன் முதல் படைப்பு என்று எண்ணிட்டு, அவருக்கே சமர்ப்பித்தார். அப்போது வயது 33.

1967-இல் புடாபெஸ்டின் லிஸ்ட் அகாடமியில் ஆசிரியரானார். இங்கேதான் அவருடைய பலம் தெரிகிறது. அவர் நடத்தியது இசையமைப்பு வகுப்பு அல்ல; பியானோ, பிறகு சேம்பர் இசை. ஆண்ட்ராஸ் ஷிஃப், ஸோல்டான் கோச்சிஷ் போன்றவர்கள் அவரிடம் பயின்றார்கள். ஹைடனில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, அது சரியாக ஒலிக்கும்வரை விடமாட்டார். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன நடக்கிறது என்று வகுப்பில் துருவித் துருவிக் கேட்ட அதே காதுதான் எழுதவும் செய்தது என்பது என் கணிப்பு.

சாட்சி, 1973-இல் தொடங்கிய 'யாட்டேகோக்'. 'விளையாட்டுகள்' என்ற பெயரில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பியானோ தொகுப்பு. விரல் நுனிக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன்பே குழந்தை உள்ளங்கையால் தட்டலாம், முஷ்டியால் குத்தலாம், முன்னங்கையைக் கட்டைகள்மேல் சாய்க்கலாம். தப்பு வந்துவிடுமோ என்ற பயம் முதல் நாளிலேயே போய்விடும். அதே தொகுப்பில் மொத்தமே ஏழு ஸ்வரங்கள் கொண்ட ஒரு துண்டும் உண்டு. வாசிக்க எளிது, ஆனால் ஏழையும் ஒரே மூச்சாகக் கோத்துக் கேட்கவைப்பது தேர்ந்த கலைஞருக்கே சோதனை.

'காஃப்கா துணுக்குகள்' அடுத்த படி. ஒரு குரல், ஒரு வயலின், 40 பாடல்கள். சில ஒரு நிமிடம்கூட நீடிக்காது, மொத்தமோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

குறுகிய தூர ஓட்டக்காரர் என்று முத்திரை குத்தியவர்களுக்கு 2018 நவம்பர் 15 அன்று மிலானின் லா ஸ்காலாவில் பதில் கிடைத்தது. பெக்கெட்டின் நாடகத்திலிருந்து எழுதிய 'ஃபான் டி பார்ட்டி', 92 வயதில் அவருடைய முதல் ஆபரா. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பெரிய ஆர்கெஸ்ட்ரா இருந்தும் எல்லாரும் சேர்ந்து முழங்கும் தருணங்கள் அரிது. ஒரு சொல்லுக்கு ஒரு வாத்தியம், அடுத்த சொல்லுக்கு வேறொன்று. இத்தனை நீளத்திலும் அவர் இரண்டு ஸ்வரங்களைத்தான் இணைத்துக்கொண்டிருந்தார்.