பாட நூற்பட்டியலும் நூலகமும்

எத்தியோப்பிய மந்திரி தம் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துச் சென்றபோது அவருக்குக் குறைவாயிருந்தது நூல் அன்று, வழிகாட்டியே. நம் இறையியற் கல்லூரி மாணாக்கரின் நிலை இதற்கு நேர்மாறானது. வழிகாட்ட ஆசிரியர் உளர். எவ்வெந்நூலைக் கற்கவேண்டும் எனக் கூறும் பட்டியலும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கையில் தரப்படுகிறது. பட்டியலிற் கண்ட நூலைத் தேடி நூலகத்துட் சென்றால் அது அங்கே இராது. இருப்பினும் ஒரே படியாக இருக்கும். அதுவும் முன்னரே ஒருவர் அறைக்குச் சென்றுவிட்டிருக்கும். இந்நிலையை மாணாக்கர் பழகிக்கொண்டனர், ஆசிரியரும் பழகிக்கொண்டனர். பட்டியல் என்பது வாசிப்பதற்கன்று, வகுப்புக் குறிப்பின் தலைப்பில் அணியாக நிற்பதற்கே என்னும் எண்ணம் இருசாராரிடத்தும் வேரூன்றிவிட்டது.

செராம்பூர் செனட்டின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் துணைநூற்பட்டியல் ஒன்று உண்டு. அது பல கல்லூரிகளுக்கும் பொதுவானது. ஆகவே எந்தவொரு நூலகத்தையும் கண்முன் கொண்டு எழுதப்பட்டதன்று. அதனை நாம் குறைகூறுவதற்கில்லை. குறை, அப்பொதுப்பட்டியலை அவ்வாறே படியெடுத்துத் தம் மாணாக்கர்க்குத் தருவதில் இருக்கிறது. பட்டியல் என்பது ஒரு தீர்ப்பு. ஆயிரம் நூல்களுள் இவற்றை முதலில் வாசி, ஏனையவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கற்றறிந்த ஒருவர் தம் பொறுப்பிற் கூறுவது. தாம் அண்மையில் கையாலும் தொடாத நூலைப் பட்டியலில் நிறுத்துபவர் அத்தீர்ப்பை வழங்குகிறார் என்று எங்ஙனம் சொல்லக்கூடும்?

இப்பொருள்பற்றிச் சிந்திக்க நாம் அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. 1892-இல் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர். கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் கணிதம் பயின்று 1913-இல் பி.ஏ. பட்டமும் 1916-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் 1928-இல் உருப்பெற்று 1931-இல் நூலாயின. அவ்விதிகளுள் முதலாவதைச் சொல்லாக வடித்துக் கொடுத்தவர் அவருடைய பழைய கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் என்பதை ரங்கநாதனே நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார். நூலகவியலின் முதல் விதி கிறிஸ்தவக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கும் அவர்தம் மாணவருக்கும் இடையே நடந்த உரையாடலிற் பிறந்தது. 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்த அக்கல்லூரியின் நூலகம் இன்றும் வில்லியம் மில்லரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூலகர், ஆசிரியர் என்னும் இருவரும் வெவ்வேறு உலகத்தவர் என்று கருதும் நமக்கு இவ்வரலாறு ஒரு கண்டனமாகவே அமைகிறது.

நூல்கள் பயன்படுத்தப்படவே உள்ளன, வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டவேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிட்டவேண்டும், வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூலகம் வளரும் உயிர்ப்பொருள் என்பன அவ்விதிகளின் சாரம். நல்ல பாட நூற்பட்டியல் இரண்டாம் விதிக்கும் நான்காம் விதிக்கும் பணிபுரிகிறது. மூன்றாம் விதியைப்பற்றி அது வாய்திறப்பதில்லை. பட்டியலில் இடம்பெறாத நூலுக்கு யார் வாசகரைத் தேடித் தருவார்? இவ்வினாவை மனத்திற்கொண்டு, தாம்பரத்திலேயே நடந்த வேறொரு நிகழ்ச்சியை நோக்குவோம்.

1938 டிசம்பரில் அனைத்துலக மிஷனெரி ஆலோசனைச் சங்கத்தின் மாநாடு கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில் கூடிற்று. சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெறவேண்டியது போரின் காரணமாக இங்கு மாற்றப்பட்டது. பேராளர் யாவரும் ஒரே தளத்தில் நின்று விவாதிக்கும் பொருட்டு ஹென்ட்ரிக் கிரேமர் என்னும் டச்சு அறிஞரைக்கொண்டு ஒரு நூல் எழுதுவிக்கப்பட்டது. கிறிஸ்தவமல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி யாது என ஆராயும் அந்நூலே மாநாட்டின் முன்வாசிப்பு. இற்றைநாள் வழக்கிற் கூறின், அம்மாநாட்டின் கட்டாய வாசிப்புப் பட்டியலில் தலைமை இடம் பெற்ற நூல் அது.

அதே ஆண்டில், அதே சென்னையில், வேறொரு நூல் வெளியாயிற்று. இந்தியாவிற் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்தித்தல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது. பி. செஞ்சையா, வி. சக்கரை, ஜி. வி. ஜோப், ஏ. என். சுதரிசனம் முதலியோர் எழுதியது. செஞ்சையா புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பின்னாளில் சென்னை மாநகரின் மேயர். குருப்பட்டம் பெறாத இவர்கள் கிரேமரின் கொள்கைக்குத் தம் அனுபவத்திலிருந்து மறுமொழி கூறினர். மாநாட்டை நடத்தியோர் அந்நூலைக் கட்டாய வாசிப்பாக வைக்கவில்லை, வைத்திருப்பார்கள் என எதிர்பார்ப்பதும் முறையன்று. எனினும், இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று இன்று ஒரு பாடம் நடத்தவேண்டின் அந்நூலை விடுத்து நடத்தவியலாது. கிரேமரின் நூலையும் அதனோடு ஒப்பவைத்தே கற்பிக்கிறோம்.

இம்மாற்றம் உடனே நிகழவில்லை. செஞ்சையாவின் இறையியலைப்பற்றி டி. ஏ. தங்கசாமியின் நூல் 1966-இலும், சக்கரையைப்பற்றிய பி. டி. தாமஸின் நூல் 1968-இலும் வந்தன. ராபின் பாய்டின் இந்திய இறையியல் அறிமுக நூல் 1969-இல் வெளியாகி இருவரையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் அம்மூல நூல் எங்கேனும் அலமாரிகளில் பிழைத்திராவிடில் மேற்கூறிய ஆய்வுகள் எவையும் எழுந்திருக்கமாட்டா. பட்டியல் செய்யாத பணியை நூலகம் செய்தது என்பதே இதன் பொருள்.

அடுத்து, நம் நூலகங்களை உருவாக்கிய மற்றொரு பட்டியலைக் காண்போம். இந்தியாவில் குருத்துவப் பயிற்சி மிகவும் பலவீனமாயுள்ளது என்னும் கவலை தாம்பரம் மாநாட்டிலேயே வெளிப்பட்டது. சென்னையிற் பணியாற்றிய ஐரிஷ் மெதடிஸ்டு மிஷனெரியாகிய சார்லஸ் ரான்சன் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து இந்தியக் குருவானவரின் பயிற்சிபற்றி நூலெழுதினார். அவரே பின்னர் இறையியற் கல்வி நிதியின் முதல் இயக்குநரானார். அந்நிதி 1958-இல் கானா நாட்டில் கூடிய கூட்டத்தில் 40 இலட்சம் டாலர் முதலீட்டோடு தொடங்கப்பட்டது. யேல் பல்கலைக்கழக இறையியல் நூலகர் ரேமண்ட் மாரிஸ் தொகுத்த இறையியல் நூற்பட்டியல் ஒன்றை அது 1960-இல் வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்கக் கல்லூரிகள் அதனைத் துணைக்கொண்டு நூல்களைத் தெரிந்து வாங்க நிதியுதவியும் கிடைத்தது.

அப்பட்டியலின் நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். வெறும் பழைய பிரசங்கத் தொகுதிகளே நிறைந்திருந்த அலமாரிகளில் தரமான விளக்கவுரைகளும் அகராதிகளும் வந்தமைந்தன. ஆயினும் ஒரு விளைவையும் சொல்லவேண்டும். நியூஹேவன் நகரிலிருந்து நோக்கினால் தமிழ் நூல் எப்படிப் புலப்படும்? பட்டியலை ஒட்டி வளர்ந்த நூலகத்தில் ஆங்கில நூலே நூல் எனவும், தமிழ் நூல் அதற்கு உரை எனவும் ஒரு வரிசைமுறை நிலைபெற்றுவிட்டது. இந்திய மொழிகளில் பெயர்க்கப்படும் நோக்குடன் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்ட மாணவர் நூல்வரிசை போன்ற முயற்சிகள் இக்குறையை ஒருவாறு ஈடுசெய்தன என்பதும் உண்மை. எனினும் ஒரு பாடத்தின் பட்டியலில் தமிழ் நூல்கள் கடைசி வரிகளில், பதிப்பாண்டும் பதிப்பகமும் இன்றி ஒதுங்கி நிற்பதை இன்றும் காணலாம். தமிழில் தேர்வெழுதி, தமிழ்ச் சபைக்கு ஊழியஞ்செய்யச் செல்லும் மாணாக்கருக்கு இது சிறு குறையன்று. ஆங்கிலத்தில் அரைகுறையாக விளங்கியதைத் தமிழில் அரைகுறையாகச் சொல்லும் பிரசங்கத்தைச் சபை கேட்கவேண்டி வருகிறது.

இனி நூலகத்தின் வழியாகப் பட்டியலை நடத்துதல் யாங்ஙனம் என்பது. முறை எளியது. பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே ஆசிரியரின் பட்டியல் நூலகரிடம் செல்லவேண்டும். கட்டாயம் வாசிக்கவேண்டியவை, வாசித்தல் நலம் பயப்பவை, மேலும் ஆராய்வோருக்குரியவை என ஆசிரியரே பிரித்துத் தரவேண்டும். முப்பது பேர் பயிலும் வகுப்பிற் கட்டாய நூல்கள் பத்து எனில் அவை கட்டாயமல்ல என்றே பொருள். எந்நூல் உளது, எத்தனை படி, எந்தப் பதிப்பு, எது அச்சிலில்லை என நூலகர் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டும். கட்டாய நூல்களை வீட்டுக்கு இரவல் தராது, சில மணிநேர வாசிப்புக்கென மேசையருகே தனியே வைக்கவேண்டும். பருவ இறுதியில் இரவற்பதிவேடு ஆசிரியரின் பார்வைக்கு வரவேண்டும். ஒருவரும் எடுக்காத நூல் ஏன் எடுக்கப்படவில்லை என்று அவர் தம்மையே வினவுவது நன்று. சில ஆசிரியர்க்கு இது கசப்பாயிருக்கும்.

மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்பணி இப்போது கணினிவழி நடைபெறுகிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் நூலகத்தின் விவர அட்டவணையோடு இணைக்கப்படுகிறது. மாணவர் தொகையும் படிகளின் தொகையும் ஒப்பிடப்பட்டுக் குறைவு உடனே தெரிகிறது. இங்கும் கோஹா போன்ற கட்டணமில்லா மென்பொருள் பல கல்லூரி நூலகங்களில் வழங்குகிறது, அதில் பாடவாரியாக நூல்களைத் தொகுத்துக் காட்டும் வசதியும் உண்டு. நூலின் ஒரு பகுதி மட்டும் தேவைப்படும் இடத்தில், தில்லிப் பல்கலைக்கழகப் படியெடுப்பு வழக்கில் 2016-இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். கற்பித்தலின் பொருட்டு, அதற்குத் தேவையான அளவு படியெடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதே அதன் கருத்து. முழு நூலையும் படியெடுத்து விற்பதற்கு அது உரிமைச்சீட்டாகாது.

இவ்வேற்பாடு செம்மையாக நடக்குமிடத்தே வேறோர் இடர் தோன்றுகிறது. பட்டியலுக்கு ஏற்ப வாங்குவதில் திறமை கூடக்கூட, பட்டியலில் இல்லாததை வாங்கப் பணம் எஞ்சுவதில்லை. நிதிக்குழுவும் அதனையே விரும்பும். எந்தப் பாடத்துக்கு இந்நூல் என்னும் வினாவுக்கு விடை இல்லையேல் கையெழுத்து இல்லை. 1938-இல் இவ்விதி நடைமுறையில் இருந்திருப்பின் கிரேமரின் நூலுக்குப் பத்துப் படிகளும் செஞ்சையா குழுவினரின் நூலுக்கு ஒன்றுமின்மையுமே விளைந்திருக்கும்.

தமிழ்க் கிறிஸ்தவ நூல்களுக்கு இவ்விடர் பன்மடங்கு பெரிது. ஒரு சேகரத்தின் நூற்றாண்டு மலர், கீர்த்தனைத் தொகுதி, ஊர்ச்சபையின் வரலாறு, உபதேசியார் ஒருவரின் நாட்குறிப்பு ஆகியன சில நூறு படிகளே அச்சாகின்றன, மறுபதிப்புக் காண்பது அரிது. வெளிவந்த ஆண்டிலேயே வாங்கினாலன்றிப் பின்னர் வாங்கவியலாது. எந்த ஆசிரியரின் பட்டியலிலும் அவை அவ்வாண்டு இடம்பெறமாட்டா. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராய்ச் சேர்த்த தமிழ் அச்சு நூல்களைக்கொண்டு 1994-இல் அவர் பெயரால் ஆய்வு நூலகம் ஒன்று தோன்றிற்று. தாம்பரத்துக்கு வடக்கே தரமணியில் அது இன்று இயங்குகிறது. எப்பட்டியலுக்கும் கட்டுப்படாது சேர்த்தமையாலேயே அச்சேகரம் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. இறையியற் கல்லூரிகள் அத்துணைப் பெரும்பணியை ஏற்கவேண்டுவதில்லை. தத்தம் பேராயத்தின் எல்லைக்குள் அச்சாகும் தமிழ் நூல்களையேனும் பாடத்தொடர்பு கேளாது வாங்கிச் சேர்க்கலாம். அதற்கென ஆண்டு நூல்நிதியில் ஒரு பகுதி, ஆசிரியர்களின் பட்டியல்கள் நூலகரின் மேசைக்கு வருமுன்னரே ஒதுக்கப்படவேண்டும். பாடத்திட்டக் கூட்டத்தில் நூலகருக்கும் ஓர் இருக்கை இடப்படவேண்டும். அவ்வாண்டு அவ்வாறு சேர்ந்த நூல்கள் இன்னின்னவென அவர் அக்கூட்டத்தில் வாசிக்க, அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவற்றுள் எதற்கு இடமுண்டு என ஆசிரியர் அங்கேயே கூறட்டும்.